பிள்ளைக்குச் சேனை வைத்தது யார்?

அந்தக் காலத்தில், மாடும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசிய காலத்தில், பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் துளித் தேனைத் தொட்டு வைத்துச் சேனை கொடுப்பது மனிதர்கள் இல்லை. ஏதாவது ஒரு பிராணிதான் வந்து வைக்கும். அதன் குணமும் தொழிலும் அப்படியே பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும், ஆயுசுக்கும் மாறாது. பள்ளிக்கூடம் வேண்டாம், வாத்தியார் வேண்டாம். எவ்வளவு சௌகரியம், பாருங்கள்!

சிலம்பாயிக்குச் சேனை வைத்தது எறும்பு. பாவம், அவளால் ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியாது. கல்யாணத்தன்று மணவறையிலேயே, தலையில் விழுந்த அட்சதையைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். ஊரே சிரித்தது. அவளுக்கும் வெட்கம்தான், கை கேட்டால்தானே? ஆடிப் பார்க்க அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இரண்டாவது அடியிலேயே குனிந்து எதையாவது பொறுக்குவாள். புருஷன் உடையானுக்கோ தவளை வைத்த சேனை. மழை வந்தால் வாயை மூடமாட்டான்.

அவர்களுக்குப் பெண் பிறந்தது. விடிந்ததும் வாசலில் பிராணிகள் கூட்டம். நடுவில் தேன் கிண்ணம்.

"நான் வைக்கிறேன். சூப்பரா கூடு கட்டுவா!" என்று முண்டியடித்தது தூக்கணாங்குருவி.

"ஏன் சாமி, ஒரு தடவையாவது உன் கூட்டை வேற மாதிரி கட்டிப் பார்த்திருக்கியா?" என்று கேட்டாள் சிலம்பாயி.

குருவி திருதிருவென்று முழித்தது. "வேற மாதிரியா? அப்படின்னா என்ன?"

இவளும் என்னை மாதிரியா என்று சிலம்பாயி மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்தாள். 'சேர்த்து வை, சேர்த்து வை' என்றது எறும்புப் புத்தி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அதன் பேச்சைக் கேட்கவில்லை. மடக்மடக்கென்று அத்தனை தேனையும் தானே குடித்துவிட்டாள்.

"அடிப்பாவி! பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிடுமே!" உடையான் தலையில் அடித்துக்கொண்டான்.

"போகட்டும். அவளே பார்த்துக் கத்துக்கட்டும்!"

அப்படியேதான் ஆயிற்று. அன்றைக்குப் பிறந்த கன்றுக்குட்டி சாயங்காலமே துள்ளி ஓடியது. பிள்ளையோ மாதக்கணக்கில் மல்லாந்தே கிடந்தாள். ஆடுகள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தன. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று சிலம்பாயி அழுத அழுகை கொஞ்சமா?

ஒரு நாள் பிள்ளை தவழ்ந்து வந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வாயில் போட்டாள். தூ! அடுத்து முருங்கை இலை. அப்புறம் ஆட்டின் வால். அப்புறம் அப்பன் மூக்கு. சிலதைத் துப்பினாள், சிலதைச் சப்பிவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தாள்.

"என்னடி தேடுறா இவ?"

"தனக்கு வேண்டிய சேனையை!" என்றாள் சிலம்பாயி.

வருஷம் திரும்புவதற்குள் அந்தக் குட்டிப் பெண் வாத்து மாதிரி நடந்தாள், குயில் மாதிரி கூவினாள், மறுநாளே இரண்டையும் விட்டுவிட்டு மயில் மாதிரி ஆடினாள். சிலம்பாயியும் கைதட்டிக்கொண்டு கூடவே ஆடினாள். காலடியில் நெல்மணி சிதறிக் கிடந்தது. அவள் குனியவே இல்லை. அதைப் பார்த்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் தேன் கிண்ணத்தைத் தாங்களே வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

அன்று முதல்தான் மனுஷப் பிள்ளைகள் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கின்றன. கத்தி, கித்தி என்றால் பிடுங்குங்கள். மற்றபடி விட்டுவிடுங்கள், உலகமே வந்து சேனை வைத்துக்கொண்டிருக்கிறது.