இடைவேளை வரை பார்த்த சொர்க்கம்

காட்டோரத்தில் ஒரு டூரிங் கொட்டகை. கீற்று வேலிக்கு வெளியே நின்று முயல், மான், கவுதாரி, பெருச்சாளி, நரி எல்லாம் படம் பார்த்தன. மிருகத்திடம் டிக்கெட் யார் கேட்பது?

திரையில் ஓர் ஊர். சுற்றிலும் மதில். உள்ளே பசி இல்லை, சண்டை இல்லை. எல்லோரும் வெள்ளை உடுத்தி ஒரே பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். எந்த வீட்டுக்கும் கதவு கிடையாது.

செம்பி என்ற முயல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அதற்கு ஒரே குட்டி. மற்றதையெல்லாம் காட்டுப்பூனை தின்றுவிட்டது.

இடைவேளை வந்தது. விளக்கைப் போட்டார்கள். அவ்வளவுதான், காட்டுக்குள் ஒரே ஓட்டம்! நரி மட்டும் ஓடவில்லை. சிந்திய முறுக்கைப் பொறுக்கப் பெஞ்சுக்கு அடியில் நுழைந்தது. அங்கேயே கிடந்து மீதிப் படத்தையும் பார்த்தது.

மறுநாள் குளத்தங்கரையில் இதே பேச்சு.

"அந்த மாதிரி ஊர் நமக்கு வாய்க்குமா!" என்று பெருமூச்சு விட்டது செம்பி.

"ஏன் வாய்க்காது? நாமே கட்டுவோம்!" என்றது நரி.

"நீ நரியாச்சே!" என்றது கவுதாரி.

"அது நேத்து! படம் பார்த்துத் திருந்திட்டேன்!"

"படம் பார்த்துத் திருந்தினவனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்று முனகியது பெருச்சாளி.

செம்பி கேட்டது: "நரியண்ணே, நீங்கதான் இருந்து பார்த்தீங்க. கடைசியில் என்ன ஆச்சு?"

நரி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "சுபம்!"

செம்பி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முள்ளை இழுத்து வந்து காட்டைச் சுற்றி வேலி போட்டன. நரி சட்டம் சொன்னது.

"இங்கே யாரும் அழக்கூடாது. அழுகை தொத்து வியாதி! அழுகிறவனை என் குகைக்கு அனுப்புங்க, நான் ஆறுதல் சொல்றேன். இன்னொண்ணு. இனிமேல் வளை எதுக்கு? பயந்தவனுக்குத்தானே வளை!"

செம்பி தன் வளையைத் தானே மண் போட்டு மூடியது. மேலே ஏறிக் குதித்துக் குதித்துக் கெட்டிப்படுத்தியது.

காட்டுப்பூனை வரவில்லை. எல்லாம் வெட்டவெளியில் வரிசையாகப் படுத்துத் தூங்கின. நன்றாகத்தான் இருந்தது.

பெருச்சாளிக்குப் பல்வலி. அழுதது. ஆறுதலுக்குப் போனது, திரும்பவில்லை. அதை நினைத்துக் கவுதாரி அழுதது. அதுவும் போனது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் முகம் வாடும். முகம் வாடினால் குகை.

ஒரு நாள் குட்டியின் காலில் வேலி முள் ஏறியது. வீல் என்று கத்தியது.

நரி வந்து நின்றது. "அடடா! கொடு தங்கச்சி, தேற்றிக் கொண்டாந்து விடறேன்."

செம்பி மானைப் பார்த்தது. மான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னது: "சிரி, செம்பி. சிரிச்சுக்கிட்டே கொடுத்துடு."

செம்பி சிரித்தது. கொடுத்தது.

பொழுது சாய்ந்தும் குட்டி வரவில்லை. செம்பி குகைக்குப் போனது. வாசலில் கவுதாரியின் இறகு. பெருச்சாளியின் வால். பக்கத்தில், சின்னதாக ஒரு காது.

"நரியண்ணே... படத்திலே... இடைவேளைக்கு அப்புறம்..."

"இதுதான்!" என்று நரி உதட்டை நக்கியது. "அந்த மதில் வெளியே இருக்கிறவனைத் தடுக்கக் கட்டினது இல்லை, தங்கச்சி!"

செம்பி அழுதது. காடே கேட்கும்படி அழுதது. வரிசையில் படுத்திருந்தவை காதை மடக்கிக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தன.

நரி எழுந்தது. செம்பி ஓடியது. வேலியில் போய் முட்டியது. முள். திரும்பித் தன் வளைக்கு ஓடியது. மண் இறுகிக் கல்லாகக் கிடந்தது. கிளறிப் பார்த்தது. நகம்தான் பெயர்ந்தது.

மறுநாள் காலை மற்றவை எல்லாம் பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிட்டன. மான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, செம்பியின் இடத்தை நிரப்பிக்கொண்டது.

அழ இடமில்லாத ஊரைச் சொர்க்கம் என்று எவன் காட்டினாலும், மீதிப் படத்தையும் பார்த்துவிட்டு வேலி போடு.