வாடைக்காற்றுக்குச் சொன்ன வார்த்தை

அந்தக் காலத்தில் கோழிக்குப் பேச்சு இருந்தது. இருந்தது என்று சும்மா சொல்லிவிட முடியாது. விடிந்தால் அடைந்தால் அதே வேலையாக இருந்தது. உடம்பு நிறைய இறகும் இருந்தது. ஒரு தரம் முளைத்த இறகு ஆயுசுக்கும் போதும், உதிர்வது என்கிற பேச்சே கிடையாது. முட்டையும் அப்படித்தான், வருஷம் முழுக்கத் தட்டாமல் வந்துகொண்டிருந்தது. குளிர் என்ற ஒன்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. வெயில் போனால் மழை, மழை போனால் மறுபடி வெயில்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பாவாயி என்பவள் கோழி வளர்த்துப் பிழைத்து வந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை செவலை என்கிற பெட்டைக்கோழிதான். காலையில் கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் செவலை வெளியே வந்து, முதல்நாள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும். கம்பில் புழு இருக்கிறது, தண்ணீர்ச் சட்டியைக் கழுவவில்லை, சேவலுக்கு உடம்பு வணங்கவில்லை. பாவாயி உம் கொட்டிக்கொண்டே வாசல் கூட்டுவாள். ஒரு நாள் செவலை பேச்சைக் குறைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த ஐப்பசியில் செவலை குஞ்சு பொரித்திருந்தது. பாவாயி சாணிச் சட்டியைக் கவிழ்த்து வைத்து அதில் ஏறிய கறையானைத் தட்டிப் போட, குஞ்சுகள் அடித்துப்பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் வாடைக்காற்று மலையைத் தாண்டி இறங்கி வந்தது. அதுவரை மலைக்கு அந்தப் பக்கமே கிடந்த காற்று அது. வந்ததும் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டது. குஞ்சுகள் தின்பதை விட்டுவிட்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொண்டன.

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் ஒரு குஞ்சு விறைத்துக் கிடந்தது. பாவாயி அதை முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். செவலை அன்றைக்குக் கம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாவாயி பஞ்சாரத்தைச் சுற்றி வைக்கோலைத் திணித்தாள், அடுப்புச் சாம்பலைச் சூடாக அள்ளிக் கொட்டினாள். காற்று எல்லாவற்றுக்கும் இடுக்கு கண்டுபிடித்தது. மறுநாள் இன்னொரு குஞ்சு போயிற்று.

"ஆத்தா, அழுது என்ன பண்றது? என்ன வேணும்னு அதுகிட்டயே கேளுங்க" என்றது செவலை.

பாவாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காற்றின் முன்னால் போய் நின்றாள். "ஏனுங்க, எங்க வாசல்லயே நின்னுட்டீங்களே, உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

காற்று பல்லைக் கிட்டிக்கொண்டு சொன்னது: "குளுருதுங்க. பொறந்ததுல இருந்து குளுருது. யாரையாச்சும் கட்டிப் புடிச்சாக் கொஞ்சம் சூடு வருது. அதுக்குள்ள அவங்க செத்துப் போயர்றாங்க."

கேட்டால் பாவமாகத்தான் இருந்தது. பாவாயி சாக்கை எடுத்துவந்து போர்த்தினாள். சாக்கு தரையில் விழுந்தது. புருஷன் விட்டுப் போன கம்பளியைக் கொண்டுவந்தாள், அதுவும் விழுந்தது. உடம்பு இருந்தால்தானே துணி நிற்கும்! அந்த நேரம் பார்த்துச் செவலை சிலிர்த்துக்கொள்ள, அதன் மேலிருந்த சிற்றிறகு ஒன்று பறந்துபோய்க் காற்றின்மேல் ஒட்டிக்கொண்டது. விழவே இல்லை.

"இது நிக்குதுங்க" என்றது காற்று, ஆச்சரியத்தோடு.

எல்லோரும் செவலையைப் பார்த்தார்கள். சேவல் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, வால் இல்லாவிட்டால் தனக்குக் கூவ வராது என்று பொதுவாகச் சொல்லி வைத்தது.

"எறகு குடுத்தாப் போயிருவீங்களா?" என்று கேட்டது செவலை.

"போயிர்றனுங்க. மலைக்கு அந்தப் பக்கமே போயிர்றனுங்க."

"வேண்டாஞ் சாமி" என்று பாவாயி தடுப்பதற்குள் செவலை அலகால் மார்பிலிருந்து பிடுங்க ஆரம்பித்துவிட்டது. மார்பு, முதுகு, சிறகு, வால். எல்லாம் முடிந்தபோது பிதுக்கின மொச்சைக்கொட்டை மாதிரி நின்றது. காற்று இறகையெல்லாம் மேலே சுற்றிக்கொண்டதும் வாசலில் கதகதப்பு வந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து குப்பையைக் கிளறின. பாவாயிக்கு உயிர் திரும்பி வந்தது.

"அப்ப நான் கெளம்பறனுங்க" என்றது காற்று.

பாவாயி படலைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க, போயிட்டு வாங்க" என்றாள்.

அந்த ஊரில் யார் கிளம்பினாலும் அதுதான் சொல்வார்கள். சண்டை போட்டுக்கொண்டு எழுந்துபோகிற சம்பந்திக்கும் அதுதான். ஆனால் காற்றிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் அது கேட்டதெல்லாம் 'போ', 'தொலை' என்பதுதான். அது நின்று திரும்பிப் பார்த்தது.

"வரச் சொல்றீங்களா? நெசமாலுமா?"

பாவாயிக்கு அப்போதுதான் உறைத்தது. செவலை வெற்றுக் கழுத்தை நீட்டி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. 'இல்லீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காற்றோ கோணல்மாணலாகச் சுற்றிய இறகோடு முகமெல்லாம் மலர்ந்து நின்றது. வா என்று சொன்ன வாயால் முகத்துக்கு நேரே எப்படி வராதே என்று சொல்வது?

"அதுக்கென்னுங்க... வாங்க" என்றாள்.

"அப்ப வருசா வருசம் ஐப்பசிக்கு வந்தர்றனுங்க. இந்தப் போர்வையும் ஒரு வருசத்துக்குத்தான் தாங்கும். எங்க சனத்தையும் கூட்டியாறனுங்க, ஊர் பூராக் கோழி இருக்குதுங்களே!" என்று சொல்லிவிட்டுக் காற்று சந்தோஷமாக மலையேறியது.

காற்று மலையைத் தாண்டும்வரை செவலை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, "போங்கன்னு ஒரு வார்த்தை, ஆத்தா. ஒரே ஒரு வார்த்தை" என்றது.

"வாய் தவறி வந்துருச்சு சாமி."

"மொதல்ல வந்தது தவறி வந்துச்சு. ரெண்டாவது வந்தது?"

பாவாயி குனிந்து, தரையில் கிடந்த கம்பளியை எடுத்து மடித்தாள்.

"அது மனசு நோகக் கூடாதுன்னு பாத்தீங்க. நான் வருசா வருசம் அம்மணமா நிக்கறது உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றது செவலை. "எறகு மொளைக்கற வரைக்கும் முட்டை கேக்காதீங்க. பேச்சு எப்பவுமே கேக்காதீங்க."

மறுநாள் காலையில் பாவாயி பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு, தானே முந்திக்கொண்டு பேசினாள். கம்பைப் புடைத்துப் போட்டிருப்பதாகச் சொன்னாள். சட்டியைக் கழுவி வைத்திருப்பதாகச் சொன்னாள். சேவலைக்கூட ஒரு பாட்டம் திட்டிப் பார்த்தாள். எந்தக் கோழியிடமிருந்தும் கொக் கொக் என்பதற்குமேல் பதில் இல்லை. கையில் விளக்குமாற்றோடு வெகுநேரம் நின்றிருந்தாள்.

அன்று முதல்தான், வாடை இறங்கும் பருவம் வந்ததும் கோழிகள் இறகை உதிர்த்து முட்டையை நிறுத்திக்கொள்கின்றன. நாம் என்ன பேசினாலும் பதில் சொல்லாமல், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் நம் வாயையே பார்க்கின்றன.