பிஸ்கட்டைக் கரைத்த கமிட்டி

வெள்ளைமண் தெருவில் மூன்று பேர் இருந்தார்கள். இருந்தார்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது அவர்களுக்கே தெரியாது, அதனால்தான் இந்தக் கதை.

தலைவர் தெய்வசிகாமணி, செயலாளர் ஏகாம்பரம், பொருளாளர் குப்புராசு. தெருப் பிள்ளையார் விழாக் கமிட்டி. வருஷத்தில் மூன்று நாள் வேலை, மிச்ச நாளெல்லாம் அந்த மூன்று நாளைப் பற்றிப் பேச்சு. ஆட்டுக்கு வாலை அளந்துதான் வைத்தான் ஆண்டவன் என்பார்கள். இவர்களுக்கு மூளை வைக்கும்போது அளக்கிற கோலையும் உள்ளேயே மறந்துவிட்டான் போலிருக்கிறது. அது பாட்டுக்குக் குறுக்கே கிடந்தது.

அதே தெருவில் பாலர் பள்ளி நடத்திவந்தார் ரோஸ்லின் டீச்சர். இருபத்திரண்டு வாண்டுகள், ஒன்றுக்கும் ஐந்து வயது தாண்டவில்லை. கட்டடம் நாகரத்தினம்மாளுடையது. பள்ளியைக் காலி செய்துவிட்டு சிமெண்ட் குடோனுக்குக் கொடுக்கலாமென்று அந்த அம்மாளுக்கு எண்ணம். வியாழக்கிழமை நாலு மணிக்கு நேரில் வந்து முடிவு சொல்வதாக இருந்தார். பிள்ளைகளே தங்கள் கையால் பிஸ்கட்டை அலங்கரித்து அவரிடம் நீட்டினால் மனசு இளகாதா என்று டீச்சர் நினைத்தார். ராத்திரி கண் விழித்து, பொம்மை மாதிரி வெட்டி, இருபத்திரண்டு பிஸ்கட் சுட்டு வைத்திருந்தார்.

ஆயாவுக்குக் காய்ச்சல். டீச்சரோ ஸ்டேஷனுக்குப் போய் அந்த அம்மாளை அழைத்து வர வேண்டும். பட்டப்பகலில் வேலைவெட்டி இல்லாமல் அகப்பட்டவர்கள் இந்த மூவர்தான். பாவம், அவர் தலையெழுத்து!

"அண்ணே, ரெண்டு மணி நேரம் பிள்ளைங்களோட இருந்தாப் போதும். க்ரீம் பூசணும், மேல வண்ண மிட்டாய் ஒட்டணும். எல்லாம் பிள்ளைங்க கையாலதான் நடக்கணும், நீங்க கை வைக்காதீங்க. காயற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. பத்து வருஷமா அலங்காரம் பண்றவங்க, மிச்சத்த உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

தெய்வசிகாமணிக்கு நெஞ்சு ஒரு சாண் விரிந்தது. அன்று காலையில்தான் அவர் மனைவி, "ஒரு வேலைக்கு லாயக்கில்ல, உங்களக் கட்டி என்னத்தக் கண்டேன்" என்று சொல்லியிருந்தாள். இன்றைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்குப் போய், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவளை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

டீச்சர் போனதும் மூவரும் துண்டை எடுத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கை வைக்கக் கூடாதே! தலைவர் கையைச் செயலாளர் கட்டினார், செயலாளர் கையைப் பொருளாளர் கட்டினார். பொருளாளர் கையை யார் கட்டுவது என்று பத்து நிமிஷம் விழித்தார்கள். கடைசியில் அந்த வாண்டுகளில் ஒருத்தியான தலைவரின் மகள் செவ்வந்தி வந்து கட்டிவிட்டாள். அவளுக்கு நாலரை வயசு. அந்த அறையில் விவரமுள்ள ஆள் அவள் ஒருத்திதான்.

பிள்ளைகள் க்ரீமில் குதித்தார்கள். ஒருத்தியின் ரெட்டைச் சடையில் ஒன்று க்ரீம் சட்டியில் விழுந்தது. ஏகாம்பரம் ஓடிப்போய் ரிப்பனைப் பல்லால் கவ்வி இழுத்தார். அவள் போட்ட கூச்சலில் ஜன்னலில் இருந்த காக்கா பறந்தது. பயந்து அல்ல, உள்ளே வந்து மிட்டாயைத் தூக்கிக்கொண்டு பறந்தது. மூவரும் கட்டிய கையோடு நின்று, "ஏய்! வைச்சிட்டுப் போ!" என்று அதற்கு உத்தரவு போட்டார்கள்.

எப்படியோ அலங்காரம் முடிந்தது. பிள்ளைகளின் புண்ணியம். பச்சைக் கண்ணும் சிவப்பு வாயுமாக இருபத்திரண்டு பொம்மைகள் தட்டில் சிரித்தன. இனிமேல்தான் ஆலோசனை.

"காயற வரைக்கும் தொடக் கூடாதுன்னாங்க" என்றார் குப்புராசு. "காஞ்சிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

"தொட்டுப் பாத்தாத் தெரியும்" என்றார் ஏகாம்பரம்.

"காயாம இருந்தா?"

"அப்போ தொட்டிருக்கக் கூடாது."

தெய்வசிகாமணி கண்ணை மூடி யோசித்தார். "பொருளாளரே, சட்டியில உங்க மூக்க முக்குங்க. மூக்கு காஞ்சா பிஸ்கட்டும் காஞ்சதுன்னு அர்த்தம்."

குப்புராசு முக்கினார். மூன்று பேரும் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேர்வையில் க்ரீம் வழிந்ததே தவிர காயவில்லை. ஈ மொய்த்தது, விரட்டக் கை இல்லை. மூன்றேகாலுக்குச் செவ்வந்தி வந்து ஒரு பிஸ்கட்டைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருச்சுப்பா" என்றாள்.

"அடுத்து என்ன?" என்றார் ஏகாம்பரம்.

"இது ஒரு கேள்வியா?" என்றார் தெய்வசிகாமணி. "மிச்சம் நமக்கே தெரியும்னு டீச்சரே சொல்லிட்டாங்க. பத்து வருஷமா அலங்காரம் முடிஞ்சதும் என்ன செய்யறோம்? ஊர்வலம். ஊர்வலம் முடிஞ்சதும்?"

"கரைக்கிறோம்!"

"கரைக்கிறது மூணாம் நாளாச்சே" என்று குப்புராசுக்கு ஒரு சந்தேகம்.

"அது ஆறடிச் சிலைக்கு. இது உள்ளங்கை அளவு. அரை மணி நேரம் வச்சிருந்தாலே ஜாஸ்தி."

"அப்பா, அது பிஸ்கட்டுப்பா. அந்தப் பாட்டிம்மாவுக்குத் திங்கக் குடுக்கணும்" என்றாள் செவ்வந்தி.

"போடி இவளே! திங்கறதுக்கா கண்ணு, மூக்கு, வாயெல்லாம் வச்சாங்க? உங்கம்மா இட்டிலிக்கு என்னைக்காவது கண்ணு வச்சாளா?"

செவ்வந்தி தன் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஊர்வலம் புறப்பட்டது. பிள்ளைகள் கையால்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்பதால் ஆளுக்கொரு பிஸ்கட்டைப் பிள்ளைகளே ஏந்தி வந்தார்கள். கை கட்டியிருந்ததால் குப்புராசு வாயாலேயே தவில் வாசித்தார். தெப்பக்குளத்தில் பிள்ளைகளை மேல்படியில் வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருவராக வீசச் சொன்னார்கள். பொத்துப் பொத்தென்று விழுந்த இருபத்தோரு பிஸ்கட்டும் மீனுக்குப் போயின. ராத்திரியெல்லாம் ஒருத்தி அடுப்படியில் நின்ற பாடு!

நாலு மணிக்கு வெறும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, வாய்த்தவில் சத்தம் கேட்டு, டீச்சரும் நாகரத்தினம்மாளும் குளக்கரைக்கு ஓடிவந்தார்கள்.

"கவலையே படாதீங்க டீச்சர்" என்றார் தெய்வசிகாமணி, முகமெல்லாம் பூரிப்பு. "சுத்தமாக் கரைச்சாச்சு. ஒண்ணுகூட மிஞ்சல."

டீச்சர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாகரத்தினம்மாள் தண்ணீரைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்ற மூன்று தடியர்களைப் பார்த்தார். அதில் ஒருத்தர் மூக்கில் க்ரீமையும் ஈயையும் பார்த்தார்.

"ஏம்மா ரோஸ்லின், அழாதே. இந்தத் தெருவுக்கு சிமெண்ட் குடோன் வேண்டாம். பள்ளிக்கூடந்தான் வேணும், அவசரமா வேணும். இடம் உனக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. திங்கக்கிழமையிலிருந்து இந்த மூணு பேரும் முதல் வரிசையில உட்காரணும்."

தெய்வசிகாமணி வீட்டுக்குப் போய்ச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தினது யாரு தெரியுமா?" என்று மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் அதற்கு என்ன சொன்னாள் என்பதை எழுத முடியாது.

திங்கட்கிழமை மூவரும் குளித்து, விபூதி பூசி, முழங்காலை மடக்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். டீச்சர் ஆளுக்கு ஒரு சிலேட்டு கொடுத்தார். "பூ வரைஞ்சு, கலர் சாக்பீஸால அழகா அலங்காரம் பண்ணுங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டு, ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடக் கொல்லைப் பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது முதல் வரிசை காலி. இருபத்தோரு பிள்ளைகள் சிலேட்டு இல்லாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி மட்டும் தன் சிலேட்டின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

தெப்பக்குளத்துப் பக்கமிருந்து குப்புராசின் தவில் கேட்டது.