கல்லாவில் அடித்த போன்

குருவுக்குத் தாடி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. செண்பகவல்லிக்கு முப்பத்தைந்து வயது. கோவில்பட்டியில் ஒரு மாடி அறையில் இணையச் செய்தித்தளம் நடத்திவந்தார். அவரிடம் சீடராகச் சேர்ந்த அருளப்பனுக்கு அவரைவிட இருபது வயது கூடுதல். அச்சுப் பத்திரிகையில் காலமெல்லாம் நிருபராக இருந்தவர். பத்திரிகையை மூடியதும், "புதுத் தொழிலைக் கத்துக்கொடுங்க மேடம்" என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

கற்றுக்கொண்டார். கொஞ்சம் வேகமாகவே கற்றுக்கொண்டார்.

செண்பகவல்லி வெளியூர் போயிருந்த ஒரு நாள், யாரோ எடுத்த வீடியோ அருளப்பன் கைக்கு வந்தது. ஒரு மெஸ் வாசலில் முதியவர் ஒருவர், "பசிக்குது, சோறு போடு" என்கிறார். மெஸ்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்து அதட்டுகிறார். அவ்வளவுதான்.

'சோறு கேட்ட முதியவரை இழுத்து அடித்த மெஸ்காரர்' என்று தலைப்பு வைத்தார் அருளப்பன். அடித்தது வீடியோவில் இல்லை, தலைப்பில்தான் இருந்தது. தன் பெயரைப் போட்டு, மெஸ்ஸின் பெயர்ப்பலகையை முகப்புப் படமாக வைத்து வெளியிட்டார். பலகையில் போன் நம்பர் இருந்தது. மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஊர் கொதித்தது. பார்த்தவர்கள் லட்சத்தைத் தாண்டினார்கள்.

செண்பகவல்லி திரும்பிவந்து மெஸ்ஸுக்கே போய் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த முதியவர் மெஸ்காரர் சுடலைமுத்துவின் அப்பா. ஞாபகம் தப்பிப்போனவர். சாப்பிட்டதை மறந்துவிட்டு, லாரி போகிற ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவார். மகன் அவரை உள்ளே இழுத்துவந்ததைத்தான் ஊர் பார்த்தது.

அருளப்பன் துடித்துப்போனார். செய்தியைத் தளத்திலிருந்து நீக்கினார். மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் எழுதினார். அதை அவர் தங்கையும் இன்னும் சிலரும் படித்தார்கள்.

"மேடம், பொய் ஊரெல்லாம் ஓடிருச்சு. உண்மையை அதே மாதிரி ஓட வைக்க என்ன வழி? தலைப்பைக் கொஞ்சம் காரமா மாத்தலாமா?"

செண்பகவல்லி லேப்டாப்பை மூடினார்.

"வாங்க அண்ணாச்சி, சாப்பிடப் போவோம்."

நல்ல மதிய நேரம். முத்து மெஸ்ஸில் மேசையெல்லாம் காலியாகக் கிடந்தது. கல்லாவில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சுடலைமுத்துவின் மனைவி அதைப் பார்த்தபடியே நின்றார், தொடவில்லை.

"எடுத்தா அசிங்க அசிங்கமா திட்டுறாங்க," என்றார் சுடலைமுத்து. "ஆஃப் பண்ணவும் முடியல. பார்சல் ஆர்டரெல்லாம் இதுலதான் வரும். இப்படியே போனா கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

"இவருதான் அதை எழுதினவரு," என்றார் செண்பகவல்லி.

சுடலைமுத்து அருளப்பனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இலை எடுக்க உள்ளே போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அருளப்பனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, கல்லாவுல உக்காருங்க. போனை எடுங்க."

அருளப்பன் உட்கார்ந்தார். எடுத்தார்.

"ஏலே, பெரிய மனுசன் மேல கை வைக்கிறியே, நீ வெளங்குவியாலே?" என்றது ஒரு குரல்.

"ஐயா, அந்தச் செய்தி தப்பு. அவரு மெஸ்காரரோட சொந்த அப்பா. ரோட்டுல இருந்து உள்ளே கூட்டிட்டு வந்தாரு, அவ்வளவுதான்."

"கதை விடாதே. அருளப்பன் எழுதியிருக்காரு. எங்கப்பா காலத்துல இருந்து அவர் எழுதறதைப் படிக்கோம். அவர் பொய் எழுத மாட்டாரு."

அருளப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தாங்க அருளப்பன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஆமா, நீ அருளப்பன், நான் கலெக்டரு!"

போனை வைத்துவிட்டார்கள்.

உள்ளேயிருந்து முதியவர் மெல்ல நடந்து வந்தார். உதட்டோரம் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அருளப்பன் பக்கத்தில் குனிந்து, ரகசியம் போல, "எனக்கு இன்னும் சோறே போடல," என்றார்.

சுடலைமுத்து அப்பாவின் வாயைத் துண்டால் துடைத்துவிட்டு, அவருக்கு இன்னொரு இலை போட்டார்.

"உக்காருப்பா. ஒரு கரண்டி சாப்பிடு."

அருளப்பன் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் மறுபடியும் அடித்தது. அவர் கை அதன் அருகே போய் நின்றது.

"மேடம், லட்சம் பேருக்கு மேல பார்த்துட்டாங்க. இதுல யாருக்குன்னு சொல்றது?"

செண்பகவல்லி சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இப்ப கூப்பிடுறவருக்குச் சொல்லுங்க அண்ணாச்சி."