தாரை வார்த்த விகடகவி

முன்னொரு காலத்தில், ராஜா தலையாட்டினால் நாடே தலையாட்டிய நாளில், மகுடவர்மன் என்றொரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் அவருக்கு இரண்டும் சரியென்று படும். அப்படிப்பட்டவருக்கு ஒரு குழப்பம் வந்து சேர்ந்தது.

ஆற்று வெள்ளத்தில் கரையோரக் குடிசைகள் எல்லாம் போய்விட்டன. ராஜாவும் ஊராரும் வண்டி வண்டியாக நெல் கொடுத்தார்கள். அத்தனையும் தர்மாதிகாரி தில்லைநாயகத்தின் கைக்குப் போயிற்று. மழைக்காலமே முடிந்தும், கரையோரத்து ஜனங்கள் கஞ்சிக்குத் திண்டாடுவதாகச் சேதி வந்தது. இவ்வளவு கொடுத்தும் ஏன் போதவில்லை என்று ராஜா கேட்டார்.

"தர்மம் சூட்சுமமானது, மகாராஜா," என்றார் தில்லைநாயகம். ராஜாவும் புரிந்ததுபோல் தலையாட்டினார்.

"சூட்சுமம் இருக்கட்டும். நெல் எங்கே?" என்றான் அரண்மனை விகடகவி சீராளன்.

தில்லைநாயகத்தின் முகம் சிவந்தது. "தாரை வார்த்துக் கொடுத்ததைப் பற்றிக் கொடுத்தவர் கேள்வி கேட்டால், புண்ணியம் அத்தனையும் போய்விடும். கேட்கத் தூண்டும் இவன் நாட்டில் இருக்கலாகாது."

சீராளன்மேல் ஏற்கெனவே வயிற்றெரிச்சலில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். ராஜாவுக்குப் புண்ணியமும் வேண்டும், சீராளனும் வேண்டும். "யாரும் கேட்காமலே நெல் போகும் இடத்தை அமாவாசைக்குள் காட்டு. இல்லையேல் நாடு கடத்துவோம்," என்றார். கேட்காமல் எப்படிக் காட்டுவது என்பது அவருக்கே தெரியாது.

சீராளன் கும்பிட்டான். "அப்படியானால் என்னையும் கரையோரத்து ஜனங்களுக்குத் தானமாகக் கொடுத்துவிடுங்கள்."

கரும்பு தின்னக் கூலி வேண்டுமா? தில்லைநாயகம் உடனே ஜனங்களின் சார்பில் தானம் வாங்கக் கையை நீட்டினார். ராஜா ஒன்றும் புரியாமல் செம்பைச் சாய்த்துத் தாரை வார்த்தார்.

சீராளன் இல்லாத சபை உப்பில்லாத சோறாக இருந்தது. அவன் என்ன ஆனான் என்று கேட்க ராஜா பலமுறை வாயெடுத்தார். புண்ணியம் நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டார். அமாவாசையன்று தில்லைநாயகம் பல்லக்கில் வந்து இறங்கினார். முன்கொம்பைத் தோளில் தாங்கி, வேர்க்க விறுவிறுக்க நின்றவன் சீராளன். ராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"மகாராஜா, கொடுத்தவர்தானே கேட்கக் கூடாது? கொடுக்கப்பட்டவன் பேசலாம்," என்றான் சீராளன். "நானும் நெல்மூட்டைகளும் ஒன்றாகத்தான் புறப்பட்டோம். மூட்டைகள் இவர் வீட்டு நெற்குதிரில் இறங்கின. நான் இவர் பல்லக்கைத் தூக்க மாட்டிக்கொண்டேன். ஒரே ஒரு மூட்டை கரையோரத்துக்குக் கிளம்பியது. அதற்கு முன்னால் மேளம், பின்னால் குடை, நடுவில் இவர் புகழ் பாட ஒரு கூட்டம். ஊர் எல்லையில் எல்லோரும் அந்த மூட்டையிலேயே பொங்கிச் சாப்பிட்டார்கள். மிச்சம்தான் கஞ்சியாகப் போனது."

"மேளம் கேட்காவிட்டால் ஜனங்கள் எப்படிக் கொடுப்பார்கள்? பல்லக்கு இல்லாமல் நான் எப்படி ஊர் ஊராகப் போய்த் திரட்டுவேன்?" என்றார் தில்லைநாயகம்.

அதுவும் சரிதானே என்று பட்டது ராஜாவுக்கு. தலை சுற்றியது.

"இருக்கலாம்," என்றான் சீராளன். "ஆனால் என்னைக் கொடுத்தது கரையோரத்து ஜனங்களுக்கு. அவர்களை நான் இன்னும் கண்ணால் காணவில்லை. என்னையாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்."

ராஜா தாமே அவனோடு நடந்தார். தில்லைநாயகமும் வேண்டாவெறுப்பாகப் பின்னால் வந்தார். கரையோரத்துப் புளியமரத்தடியில் மூக்காயி என்பவள் வெறும் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இவன் நான் உங்களுக்குக் கொடுத்த தானம், அம்மா. இவன் இல்லாமல் எனக்குப் பொழுதே போகவில்லை. திருப்பித் தருவாயா?" என்றார் ராஜா.

மூக்காயி சீராளனை மேலும் கீழும் பார்த்தாள். "எப்படிச் சாமி தர்றது? நீங்க குடுத்ததுல முழுசா வந்து சேந்தது இவரு ஒருத்தருதான்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் இருந்த குழப்பமும் அந்த ஒரு வார்த்தையில் தெளிந்துவிட்டது. "தில்லைநாயகம், உம் குதிரில் இருக்கும் நெல்லைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு வாரும். முன்கொம்பு உம் தோளில்," என்றார்.

மேளமும் இல்லை, குடையும் இல்லை. நடைக்கு நடை மூட்டைகள் வந்து இறங்கின. முதுகு வளைந்து, மூச்சிரைக்க நின்ற தில்லைநாயகத்தை மூக்காயி பார்த்தாள்.

"சாமி, இவரையும் எங்களுக்குத் தாரை வாத்துட்டீங்களா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே தம் முத்துமாலையைக் கழற்றிச் சீராளன் கழுத்தில் போட்டார்.