உள்ளேன் ஐயா

இலுப்பைக் காட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் தொந்தியப்பன் என்ற கரடி. நல்ல மனசு, ஆனால் பார்வை மந்தம். அதை ஒப்புக்கொள்ளமாட்டார். பேர் கூப்பிடுவார், "உள்ளேன் ஐயா" என்று வரும் குரலை வைத்தே வந்தவர் யார், வராதவர் யார் என்று முடிவு செய்வார்.

குரங்கு வரிசையிலிருந்து குரல்கள் தொண்டை கிழிய வரும். மான், முயல் குட்டிகள் பக்கமிருந்து மூச்சு விடும் சத்தம்கூட வராது. "பாதிப் பிள்ளைகள் வருவதே இல்லை" என்று தொந்தியப்பன் அதிகாரி யானையிடம் புலம்பினார்.

"அப்படியா? பௌர்ணமிக்குள் சரியாகாவிட்டால் பள்ளியை இழுத்து மூடிவிடுவேன்" என்றார் யானை.

அந்தப் பள்ளிக்கூடம்தான் தொந்தியப்பனுக்கு உயிர். வருகிறவர்களுக்குத் தேனடை கொடுத்துப் பார்த்தார். தேனடையெல்லாம் குரங்கு வரிசைக்கே போயிற்று. வாசலில் முள்ளம்பன்றியைக் காவல் வைத்தார்.

"யாரும் வெளியே ஓடவில்லையே ஐயா" என்றது முள்ளம்பன்றி.

"வந்தால்தானே ஓடுவதற்கு!" என்று எரிந்து விழுந்தார். ஒருவேளை வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குக் காது கேட்கவில்லையோ என்று காடே அதிர உறுமிப் பேர் கூப்பிட்டார். மயில்கள் மரம் விட்டு மரம் பறந்தன. மான் பக்கம் மட்டும் அதே அமைதி.

பௌர்ணமிக்கு முதல்நாள் மாலை, பொறுக்கமுடியாமல் தாய்மானிடமே சண்டைக்குப் போனார். "பிள்ளையை ஏன் அனுப்புவதில்லை?"

"தினமும் அனுப்புகிறேனே! நேற்றுகூட வந்து 'அணில், ஆடு' எழுதிக் காட்டினாளே."

தொந்தியப்பன் திகைத்தார். பக்கத்தில் நின்ற குட்டியிடம் குனிந்து, "செவ்வந்தி, கூப்பிட்டால் ஏன் பேசமாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டார்.

குட்டி கல்லாய் நின்றது.

"சரி பாப்பா, பயப்படாமல் சொல்லு."

உடனே குட்டி வாய் திறந்தது. "பேர் சொல்லி யார் கூப்பிட்டாலும் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க ஐயா. நரி அப்படித்தான் கூப்பிடுமாம். முயல் வீட்டிலேயும் அதேதான். நீங்க உறுமினதும் நரிக்குப் பதிலா புலியே வந்துடுச்சுன்னு நினைச்சோம்."

தொந்தியப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை பாடுபட்டவர், இந்தக் கேள்வியை மட்டும் கேட்கவே இல்லை.

மறுநாள் பள்ளியை மூட யானை வந்தார். தொந்தியப்பன் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வரிசையாக மோப்பம் பிடித்துக்கொண்டே போனார். கண் மந்தமானாலும் மூக்கு பலே மூக்கு. "மான்கள் எல்லாம் வந்தாச்சு. முயல்கள் எல்லாம் வந்தாச்சு." குரங்கு வரிசையில் மூக்கு நின்றுவிட்டது. "இங்கே ஒரே ஒரு வாசனைதானே வருகிறது?"

துடுக்கன் என்ற குரங்குக் குட்டி மட்டும் உட்கார்ந்திருந்தது. பழக்க தோஷத்தில், கீச்சுக் குரலில் ஒன்று, கட்டைக் குரலில் ஒன்று, மூக்கால் ஒன்று என்று "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொண்டே போனது. கூட்டாளிகள் எல்லோரும் நாவல் மரத்தில் இருந்தார்கள்.

யானை விழுந்து விழுந்து சிரித்தார். "பள்ளி நடக்கட்டும். அந்த ஊர்சுற்றிகளுக்கு என்ன தண்டனை கொடுக்கப் போகிறீர்?"

"இருங்கள் ஐயா" என்றார் தொந்தியப்பன், நாவல் மரத்தைப் பார்த்து நடந்துகொண்டே. "ஏன் வரவில்லை என்று முதலில் கேட்டுவிட்டு வருகிறேன்."

கோளாறு எங்கே என்று கேட்டறியாமல் செய்யும் வைத்தியம், கோளாறைத்தான் வளர்க்கும்.