வால் விழும் இடம்

ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு திரை இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் இதயத்தை அதில் கைக்கு எட்டுகிற மாதிரிப் புடைப்பாகக் காட்டுவார்கள். மூன்று டாக்டர்கள் சுற்றி நிற்பார்கள். அவரவர் நிற்கிற பக்கத்திலிருந்து அவரவருக்குத் தெரியவேண்டும். மூன்று பேருக்கு ஆறு கண், ஆறு கண்ணுக்கு ஆறு படம். இமைப்பதற்குள் பலமுறை அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். தன் டாக்டரின் படத்துக்கு மட்டும் கதவைத் திறந்து, மற்றதை வெளியே நிறுத்துவது ஒவ்வொருவரும் மூக்கில் மாட்டியிருக்கும் கண்ணாடியின் வேலை.

அன்றைக்கு டாக்டர் பூங்கோதை முகத்தைச் சுளித்தார். "ஒரு ரத்தக்குழாய் இருக்கவேண்டிய இடத்துல ரெண்டு தெரியுது, சவரிமுத்து. எது நிஜம்னு தெரியாம நான் கத்தி வைக்கமாட்டேன். நோயாளியம்மாவை ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயாச்சு."

"ஒண்ணு குழாய், ஒண்ணு அதோட பேய் நிழல், டாக்டர். கொஞ்சம் பொறுங்க," என்று கருவியைக் கவனிக்கும் சவரிமுத்து கணினியில் தட்ட ஆரம்பித்தார்.

பூங்கோதையின் மூக்கில் இருந்த கண்ணாடிக்குச் சுருக்கென்றது. பேய் நுழைந்தது அதன் கதவு வழியாகத்தான்.

"முன்னால போற படம் மங்காத வெளிச்சத்தை வாலா இழுத்துக்கிட்டுப் போகுது. நான் கதவைச் சாத்தறதுக்குள்ள வால் உள்ள விழுந்துடுது. இதுக்கு நானா பொறுப்பு?" என்று, படங்களைத் திரையில் வீசும் புரொஜெக்டரிடம் எகிறியது.

"ரெண்டு படத்துக்கு நடுவுல கொஞ்சம் இருட்டு விடறேன்," என்றது புரொஜெக்டர்.

"எங்க வெளிச்சத்துலயா கை வைக்கிற? ஏற்கெனவே ஆறு பங்கு! ஒரு துளி விடமாட்டோம்," என்று படங்கள் கத்தின.

பூங்கோதையின் வலக்கண் படம் மட்டும் கத்தவில்லை. "முன்னாடி போறவன் வால் என்மேல எங்க விழும், எவ்வளவு விழும்னு எனக்குத் தெரியும். அந்த இடத்துல அந்த அளவு வெளிச்சத்தை நானே கழிச்சுட்டு வர்றேன்."

"கறுப்பா இருக்கிற இடத்துல எதைக் கழிப்ப?" கண்ணாடி மடக்கியது.

"மையிருட்டுன்னு பீத்திக்கிட்டது போதும். கறுப்பைக் கொஞ்சம் சாம்பலாக்கிக்கிறேன். விட்டுக்கொடுக்கக் கையில ஏதாவது வேணுமில்ல?"

அடுத்த சுற்றில் அது வந்த கோலத்தைப் பார்க்கவேண்டுமே! முகமெல்லாம் வெளிச்சம் கழித்த குழி, வடு, சாம்பல் பூச்சு.

"இந்த மூஞ்சியோடவா டாக்டர் முன்னாடி நிக்கப்போற?" என்று இடக்கண் படம் கெக்கலித்தது. கண்ணாடியும் சேர்ந்து சிரித்தது.

வால் வந்து விழுந்தது. ஒவ்வொரு குழியிலும் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. குழியையும் காணோம், வாலையும் காணோம். கண்ணாடி சிரிப்பை விட்டுவிட்டு உற்றுப் பார்த்தது. மினுக்குகிற படங்களை அது தினமும் பார்த்திருக்கிறது. அடுத்தவன் சிந்தப்போவதற்கு முன்னாலேயே இடம் ஒதுக்கிக்கொண்டு வந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறது.

"வலது கண்ணுல தெளிஞ்சிருச்சு. இடதுல இன்னும் ரெண்டு," என்றார் பூங்கோதை.

இடக்கண் படம் வலக்கண் படத்திடம் கேட்டது. "நான் எவ்வளவு விடணும்? பாதி விட்டாப் போதுமா?"

"உனக்கு முன்னாடி போறவன் எவ்வளவு சிந்துறானோ அவ்வளவு. ஒரு பொட்டு கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"முக்கால்?"

வலக்கண் படம் தன் குழிகளைத் திருப்பிக் காட்டியது. அடுத்த சுற்றில் ஆறு படங்களும் வடுவோடு வந்தன.

சவரிமுத்து நிமிர்ந்தார். "இப்ப படம் எப்படி இருக்கு, டாக்டர்?"

பூங்கோதை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவக் கிளம்பியிருந்தார்.

"படமா? நான் குழாயையில்ல பார்த்துக்கிட்டிருந்தேன்!"